மையவாடிப் பூவும் எங்கள் வகுப்பறை வாசலும்

பாடசாலை வாசலில் என்ன பூ வைப்பது என்று போன வருடம் ஆசிரியர் அறையில் பெரிய பேச்சு. ரோசா, அந்தூரியம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் பட்டிப்பூ என்றேன். இளஞ்சிவப்பில் ஐந்து இதழ், நடுவில் கடும் சிவப்புப் பொட்டு. "அது மையவாடிப் பூவெல்லோ டீச்சர்?" என்று ஒருவர் முகம் சுளித்தார்.

உண்மைதான். சிங்களத்திலும் அதை மினி மல், அதாவது பிணப் பூ என்றுதான் சொல்வார்கள். ஆனால் தண்ணீர் ஊற்ற ஆளில்லாத மணலிலும் அது பூக்கும். கசப்பென்பதால் ஆடு மாடு வாய் வைப்பதில்லை. கிழக்குக் கரையில் உள்ள எங்கள் பாடசாலைகளுக்கு வேறென்ன வேண்டும்? ஆகஸ்ட் விடுமுறையில் கச்சான் காற்று அடிக்கும்போது அந்தூரியத்துக்கு யார் குடை பிடிப்பது?

வளர்ப்பது லேசு. மெல்லிய நீட்டுக் காய் மஞ்சளாகும்போதே பறித்துவிட வேண்டும், பிந்தினால் வெடித்துச் சிதறிவிடும். விதை இருட்டில்தான் நன்றாக முளைக்கும், ஆகவே மேலே மெல்லியதாக மணல் தூவுங்கள். பெப்ரவரியில் மழை விட்ட பிறகு போட்டால் கச்சானுக்கு முன் வேர் பிடித்துவிடும். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை வெடித்துப் புதராகும். பழைய பெயின்ட் வாளி போதும், அடியில் ஓட்டை கட்டாயம். இந்தச் செடி வெயிலில் சாவதைவிட, அன்பு கூடித் தண்ணீர் ஊற்றப்பட்டு அழுகிச் சாவதுதான் அதிகம். மாரியில் வாளிகளைத் தாழ்வாரத்துக்கு இழுத்து விடுங்கள்.

இதன் சொந்த ஊர் மடகஸ்கார். ஜமேக்காவில் சலரோகத்துக்கு இந்த இலையை அவித்துக் குடிப்பார்கள் என்று கேள்விப்பட்டுத்தான் கனடாவில் றொபர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியரும் ஆராயத் தொடங்கினார்கள். சீனி குறையவில்லை, வெள்ளை இரத்த அணுக்கள் குறைந்தன. 1958இல் வின்பிளாஸ்டின் பற்றி அறிவித்தார்கள். அடுத்து வந்தது வின்கிறிஸ்டின். பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் அதைத்தான் ஏற்றுகிறார்கள்.

எங்கள் பாடசாலையில் ஒரு மகன் மஹரகமைக்குப் போய் வருகிறான். அவனுடைய உம்மா காட்டிய மருந்துத் துண்டில் அந்தப் பெயர் இருந்தது. வாசலில் நிற்கும் பூவைக் காட்டிச் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தவர், "அப்ப இலைய அவிச்சுக் குடுக்கலாமா டீச்சர்?" என்றார்.

வேண்டவே வேண்டாம். இதை வாசிக்கும் எல்லோருக்கும், சீனிக்கென்று பூவை அவிப்பவர்களுக்கும் சேர்த்தே சொல்கிறேன். இந்தச் செடி நஞ்சு. நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலையில் இருந்து கிராம் கணக்கில் பிரித்த மருந்தை, பிள்ளையின் உடல் அளவுக்கு ஏற்ப அளந்து, நாளம் வழியாக மட்டும் ஏற்றுகிறார்கள். அளவு தப்பினால் அதே மருந்து கொல்லும். அடுப்படியில் அந்த அளவை யார் பார்ப்பது?

மண் அளையக் கூடாது என்று அவனுக்கு டொக்டர் சொல்லியிருக்கிறார். ஜன்னலுக்கு வெளியே நிற்கும் வாளிக்கு மற்றப் பிள்ளைகள்தான் ஊற்றுகிறார்கள். "போதும், கூடிட்டு" என்று உள்ளேயிருந்து சத்தம் போடுவது அவன்.

விதை வேண்டியவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள். இளஞ்சிவப்பு நிறைய இருக்கிறது, வெள்ளை கொஞ்சம்தான்.