ஈர நெல் கற்றுக்கொடுத்த கணக்கு

அறுவடை முடிந்ததும் எங்கள் திருவாரூர்ப் பக்கத்தில் முதலில் கேட்பது, “ஒரு மா நிலத்துக்கு எத்தனை மூட்டை கண்டது?” என்பதைத்தான். நானும் அந்த எண்ணிக்கையை வைத்தே வெள்ளாமையை மதிப்பிட்டு வந்தேன். களத்து மேட்டில் கிடந்த நெல்லை வைத்து ஒரு குறுவையில் எழுதிய வரவு செலவு என் பார்வையை மாற்றியது.

குறுவை அறுப்பு வடகிழக்குப் பருவமழையோடு மோதும். முன்பெல்லாம் அறுத்த தாள் வயலில் காயும். போரில் கிடந்தும் ஈரம் வடியும். இப்போது இயந்திரம் அறுத்த கையோடு நெல்லைக் கொட்டிவிடுகிறது. கொள்முதல் நிலையத்திலோ ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 2022 போன்ற மழை ஆண்டுகளில் மத்திய அரசு அதை 19 வரை தளர்த்தியது. அந்தக் குறுவையில் எங்கள் நெல் காட்டியது 22.

உலர்த்த வெயில் இல்லை. குவித்து வைத்த ஈர நெல் மூச்சுவிடும், உள்ளே சூடேறும், பூஞ்சை பிடித்து அரிசி பழுப்பேறும். கிடைத்த கொஞ்ச வெயிலில் தார்ச்சாலையில் சுட்டுக் காய்ந்த மணி, இரவுப் பனியில் மறுபடி நனைந்தால் உள்ளுக்குள் விரிசல் விடும்; ஆலையில் நொய்யாகும். தார்ப்பாய் வாடகை, கிண்டிவிடும் கூலி, இரவுக் காவல், நகைக்கடன் வட்டி எல்லாம் என் நோட்டில் ஏறின. சம்பா நடவுச் செலவும் காத்திருந்தது. வியாபாரி கேட்ட விலைக்கே கொடுத்தோம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். 22 சதவீத ஈரமுள்ள 100 கிலோ நெல், 17-க்குக் காய்ந்தால் சுமார் 94 கிலோ. போவது 6 கிலோ தண்ணீர். வியாபாரி விலையில் குறைத்தது அந்த 6 கிலோவின் மதிப்பைப் போலப் பல மடங்கு. ஈரத்துக்கு மட்டுமா அந்தத் தள்ளுபடி? காத்திருக்க எங்களுக்கு வழியில்லை என்பதற்கும் சேர்த்துத்தான்.

இது டெல்டாவின் துயரம் மட்டுமில்லை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கேயுள்ள ஆப்பிரிக்க நாடுகளில் அறுவடைக்குப் பிந்தைய தானிய இழப்பு ஆண்டுக்குச் சுமார் 400 கோடி டாலர் என்று உலக வங்கி 2011-இல் மதிப்பிட்டது. உலகில் விளையும் உணவில் 14 சதவீதம் கடைக்கு வருமுன்பே போய்விடுகிறது என்றது ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பின் 2019 அறிக்கை. ஆப்பிரிக்காவிலும் புழுவுக்கும் பூஞ்சைக்கும் பயந்து, சோளத்தை அறுவடை நேரத்து மலிவு விலைக்கு விற்கும் சிறு விவசாயி, சில மாதம் கழித்து அதையே கூடுதல் விலைக்கு வாங்கிச் சாப்பிடுகிறார். விற்கும்போது ஒரு நட்டம், வாங்கும்போது ஒரு நட்டம்.

அதன் பிறகு நாங்கள் சில குடும்பங்கள் சேர்ந்து ஈரப்பதமானி வாங்கினோம். எண் தெரிந்த பிறகுதான் விலை பேசுகிறோம். உளுந்தை நன்றாகக் காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் கிடங்கில் வைத்துப் பொருளீட்டுக் கடன் பெறுகிறோம். அவசரத் தேவை அதில் தீர்வதால் விலை வரும்வரை பொறுக்க முடிகிறது.

விதைக்கும் உரத்துக்கும் அரசு காட்டும் அக்கறை, ஊருக்கு ஒரு கூரையிட்ட களத்துக்கும் உலர்த்தும் இயந்திரத்துக்கும் கிடைக்க வேண்டும். விளைந்ததைக் காப்பாற்றுவதற்குப் புதிதாக நிலமோ ஆற்றுத் தண்ணீரோ தேவையில்லை. காத்திருக்கும் வசதியைக் கொடுத்தால், விவசாயி தன் விலையைத் தானே கேட்டு வாங்கிக்கொள்வார்.