குழிக் கொட்டகையும் நாலு மூட்டை கடலையும்

ஆறு வருஷத்துக்கு முன்னாடி செல்போன்ல ஒரு வீடியோ பார்த்தேன். அமெரிக்காவுல ஒரு விவசாயி மேட்டைக் குடைஞ்சு, கூரை மேலயும் மண்ணைப் போட்டுக் கொட்டகை கட்டியிருந்தார். கோடையிலயும் உள்ள ஜில்லுனு இருக்குமாம். நம்ம தருமபுரி வெயிலுக்கு இதுதான் சரின்னு பட்டுச்சு.

பொக்லைன் வெச்சு 12க்கு 10 அடியில, 5 அடி ஆழத்துக்குக் குழி எடுத்தேன். பக்கத்துல நின்ன பெரியப்பா ஒண்ணே ஒண்ணு கேட்டார்: "ஐப்பசியில தண்ணியெல்லாம் எங்கடா போவும்?" நான் பதில் சொல்லல.

அந்த ஐப்பசியிலேயே தெரிஞ்சுபோச்சு. மூணு நாள் அடைமழை. சுவத்துல தண்ணி கசிஞ்சு தரை சொதசொதன்னு ஆச்சு. கூரையில போட்ட ஒரு அடி மண்ணு ஊறி, மரச்சட்டம் வளைஞ்சுது. ஒரு கன அடி ஈரமண்ணு 50 கிலோவுக்குக் குறையாது. 120 சதுர அடிக்கு 6 டன். இந்தக் கணக்கை முன்னாடியே போட்டிருக்கணும். மார்கழி விதைப்புக்கு வெச்சிருந்த நாலு மூட்டை நிலக்கடலையும் பூசணம் புடிச்சுப் போச்சு. அது விஷம், மாட்டுக்குக்கூடப் போட முடியாது. கடன் வாங்கித்தான் அந்த வருஷம் விதைச்சோம்.

அப்புறம்தான் விசாரிச்சுப் புரிஞ்சுக்கிட்டேன். நிலத்துக்குள்ள ஆழத்துல வருஷம் பூரா அந்தந்த ஊரோட சராசரி வெப்பம்தான் இருக்கும். குளிர் தேசத்துல அது 10 டிகிரி கிட்ட. நம்ம ஊர்ல 25க்கு மேல. லடாக்ல உருளைக்கிழங்கையும் முள்ளங்கியையும் குழியில வெச்சுக் குளிர்காலத்தை ஓட்டுறாங்க. அங்க மழை ரொம்பக் கம்மி, உறைபனிதான் தொல்லை. நமக்கு வெயிலும் ஈரமும். மண்ணு நமக்குக் குளிர்ச்சி தராது, வெயிலை மட்டும் தடுக்கும். அதுக்குக் குழி எதுக்கு?

குழியை மூடிட்டுப் பக்கத்து மேட்டுல கட்டினேன். தரையை ஒரு அடி உசத்தினேன். காட்டுல கிடந்த கல்லுல, அடியில 2 அடி கனத்துக்குச் சுவர். மதியத்துக்கு மேல வெயில் அடிக்கிற மேக்குப் பக்கம் மட்டும் 4 அடி உசரத்துக்கு மண் அணைச்சேன். சுவத்துக்கும் மண்ணுக்கும் நடுவுல ஒரு அடி ஜல்லி, சுவத்தடியில தண்ணி வடிய ஓட்டை, வெளியே வாய்க்கால். கூரைக்குத் தென்னங்கீத்து. எங்களுது செம்மண்ணு. கரிசல்காட்டுக்காரங்க மண் அணைக்கறதுக்கு முன்னாடி யோசிச்சுக்குங்க, ஈரத்துல அது உப்பிச் சுவரையே தள்ளும்.

இந்த வருஷம் மழை விட்ட அன்னிக்குக் காலையில போய்ச் சுவத்தைத் தடவிப் பார்த்தேன். காஞ்சுதான் இருந்துச்சு. மருந்தடிக்கிற மிஷினு, சொட்டுநீர் டியூப்பு எல்லாம் உள்ளதான் இருக்கு.

விதைக்கடலை மட்டும் இன்னும் வீட்டுப் பரண்மேலதான். வீட்டுக்காரம்மா இறக்க விடமாட்டேங்கிறாங்க.