குதிரை நொண்டும்போது

குதிரையின் நொண்டல் தனி நோயல்ல. பெரும்பாலும் குளம்பிலோ காலிலோ இருக்கும் வலியின் அடையாளம். உடல் எடையில் ஏறக்குறைய 60 விழுக்காட்டை முன்னங்கால்களே சுமப்பதால் நொண்டல் அங்கேதான் அதிகம். வலிக்கும் முன்னங்கால் தரையில் படும்போது குதிரை தலையை உயர்த்தும். நல்ல காலை ஊன்றும்போது தாழ்த்தும். கெட்டியான சமதரையில் நேராக மெல்ல ஓடவிட்டால் இது தெளிவாகத் தெரியும்.

குளம்புக்குள் சீழ் கட்டியிருந்தால், அதை வெளியேற்றிய சில நாட்களில் குதிரை தேறத் தொடங்கும். தசைநாண் கிழிந்தால் 9 முதல் 12 மாதங்கள், சில வேளை அதற்கும் மேல் ஆகும். முதலில் கொட்டிலில் ஓய்வு, பிறகு கையில் பிடித்து நடத்துதல், ஸ்கேன் பார்த்தபின் படிப்படியாகச் சவாரி என்பதே முறை. அவசரப்பட்டால் அதே நாண் மறுபடி கிழியக்கூடும். இக்காலத்தில் உடம்பு தேய்ப்பது, குளம்பு சுத்தம் செய்வது, தீனியைக் குறைத்து அளவாகத் தருவது ஆகியவை சவாரிக்காரரின் வேலைகள்.

குதிரை மட்டுமல்ல, சவாரிக்காரரின் உடலே முடங்குவதும் உண்டு. டென்மார்க்கின் குதிரைச் சவாரி வீராங்கனை லிஸ் ஹார்ட்டலுக்கு 1944இல் போலியோ தாக்கி, முழங்காலுக்குக் கீழ் செயலிழந்தது. குதிரை ஏறவும் இறங்கவும் பிறர் உதவி தேவைப்பட்டது. கால் அழுத்தத்துக்குப் பதிலாக உடல் எடையை நகர்த்திக் குதிரைக்குக் குறிப்பு உணர்த்தினார். ஜூபிலி என்ற குதிரையில் 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கின் டிரெசாஜ் (குதிரையை நுட்பமாக நடத்திக் காட்டும் போட்டி) தனிநபர் பிரிவில் வெள்ளி வென்றார். 1956இல் மீண்டும் வெள்ளி.