கண்ணைக் கேட்காத திரை



வண்டிக்குள் ஒரு சிறு கணினியைப் பொருத்துவது இன்று பெரிய வித்தையன்று. உள்ளங்கையளவே உள்ள ராஸ்பெர்ரி பை பலகை ஒன்று, வண்டியின் 12 வோல்ட் மின்சாரத்தை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும் மாற்றி ஒன்று, ஸ்டியரிங்கின் கீழே இருக்கும் ஓபிடி துளையில் செருகும் சிறு கருவி ஒன்று. இவை போதும்; எஞ்சினின் சூடு, பேட்டரியின் வோல்ட் ஆகியவற்றைக் கணினி படித்துவிடும். படித்ததை எந்தத் திரையில், எவ்வளவு பெரிதாக, எந்த இடத்தில் காட்டுவது என்பதுதான் கடினம். எங்கள் வீட்டில் அந்த ஒரு கேள்வி இரண்டு மாதங்கள் தொலைபேசியிலேயே ஓடியது.

பிள்ளைகளாகிய நாங்கள் மூவரும் வெளியூரில் பிழைப்பவர்கள். கீழக்கரையில் வாப்பாவும் உம்மாவும் மட்டுமே இருக்கிறார்கள். உம்மாவின் சிகிச்சைக்காக மாதம் இருமுறை மதுரைக்குப் போக வேண்டும். திருப்புல்லாணி, இராமநாதபுரம், பரமக்குடி, மானாமதுரை வழியாக ஏறத்தாழ 130 கிலோமீட்டர். ஓட்டுநரை அமர்த்திக்கொள்ளுங்கள் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டோம். வாப்பா கேட்பதாயில்லை. அவர்களுக்கு வயது 67; இரு கண்களிலும் புரை தொடங்கியிருக்கிறது. பகலில் ஓட்டலாம், இரவில் கூடுமானவரை தவிர்க்க வேண்டும் என்பது மருத்துவரின் சொல்.

எங்கள் பழைய டீசல் வண்டியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. சிவப்பு விளக்கு ஒன்றே உண்டு. அது எரியும்போது நீர் கொதிக்கத் தொடங்கியிருக்கும். பார்த்திபனூருக்கும் மானாமதுரைக்கும் இடையே நண்பகலில் அப்படி நின்றுபோனால், நோயாளியான உம்மாவை வைத்துக்கொண்டு வாப்பா என்ன செய்வார்கள்? கணினி யோசனை பிறந்தது அந்தக் கவலையில். இன்னொரு காரணம் எங்கள் தெரு. இரண்டு வண்டிகள் ஒதுங்க முடியாத சந்து. வாசற்படிகளில் எப்போதும் குழந்தைகள். பின்னோக்கி எடுக்கும்போது கழுத்தைத் திருப்ப வாப்பாவால் முன்போல் முடிவதில்லை. ஆகவே பின்புறக் கேமராவும் வேண்டும் என்றாயிற்று.

மின்னணுவியல் படித்த எங்கள் தம்பி 10 அங்குலத் திரையில் பிடிவாதமாக இருந்தான். பெரிய திரையென்றால் வாப்பாவுக்கு எளிதாகத் தெரியும் என்பது அவன் வாதம். கேட்பதற்கு நியாயமாகவே இருக்கும். ஆனால் திரை பெரிதானால் அதில் எழுத்து பெரிதாவதில்லை, பொருள்கள் கூடுகின்றன. வரைபடம், பாட்டுப் பட்டியல், வானிலை என ஒவ்வொன்றாகக் குடியேறும். ஒவ்வொன்றும் கண்ணிலிருந்து ஒரு நொடியைக் கேட்கும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடி என்பது 22 மீட்டர் சாலை. அந்த 22 மீட்டரில் ஆட்டு மந்தை குறுக்கே வரலாம். எதிர்த்திசையில் ஒரு பைக் வரலாம். நம் நெடுஞ்சாலைகளைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

காரில் தொடுதிரை புதிய சங்கதியன்று. 1986-லேயே அமெரிக்காவின் பியூக் ரிவியேரா காரில் பழைய தொலைக்காட்சிகளைப் போன்ற குழாய்த் திரை ஒன்றைத் தொடுதிரையாகப் பொருத்தி விற்றார்கள். சில ஆண்டுகளில் அதைக் கைவிட்டுப் பொத்தான்களுக்கே திரும்பினார்கள். 2022-இல் சுவீடனின் கார் இதழ் ஒன்று, பழைய விமானத்தளம் ஒன்றில் மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் வண்டிகளை ஓட்டி, வானொலி நிலையத்தை மாற்றுவது, வண்டிக்குள் வெப்பத்தைக் கூட்டுவது போன்ற நான்கு வேலைகளுக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளந்தது. பொத்தான்கள் கொண்ட 2005-ஆம் ஆண்டு வால்வோ வி70 காரில் 10 நொடிகள். அதற்குள் வண்டி கடந்தது 306 மீட்டர். தொடுதிரை கொண்ட புத்தம்புதிய கார்களில் மிகத் தாமதமானதற்கு 44.6 நொடிகள், கடந்த தூரம் 1,372 மீட்டர். இந்தக் கணக்கைத் தம்பிக்கு அனுப்பி வைத்தோம். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. மறுநாள், "சரி, ஏழு அங்குலம்" என்று மட்டும் எழுதியிருந்தான்.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் ஒன்றில், காரில் உள்ள கருவியை ஒருமுறை நோக்க இரண்டு நொடிக்கு மேல் ஆகக் கூடாது, ஒரு வேலை முழுவதற்கும் மொத்தம் 12 நொடிக்கு மேல் ஆகக் கூடாது என்று வரையறை சொல்லப்பட்டிருக்கிறது. எங்களுக்கு அந்த 12 நொடியே அதிகமாகப் பட்டது. ஓடும் வண்டியில் வாப்பா திரையைத் தொடவே தேவையில்லாதபடி செய்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். அந்தத் தீர்மானம் பல செலவுகளையும் குறைத்துவிட்டது. பெரிய எண்கள் இரண்டைக் காட்ட 800-க்கு 480 புள்ளிகள் கொண்ட சாதாரணத் திரையே தாராளம். கூடுதல் புள்ளிகளுக்கு விலை கொடுக்க வேண்டியதில்லை.

விலை கொடுக்க வேண்டிய இடம் வெயில். எதிரே சூரியன் அடித்தால் ஓட்டுபவரின் கண்தான் கூசும். திரையின் முகம் நிழலில் இருக்கும். சூரியன் முதுகுப்புறம் இருந்தால்தான் பின்கண்ணாடி வழியே வரும் ஒளி நேராகத் திரைமேல் விழுந்து அதை வெளுக்கச் செய்யும். எங்கள் பாதையோ காலையில் வடமேற்கு நோக்கிப் போய், பிற்பகலில் தென்கிழக்கு நோக்கித் திரும்புவது. இரு வேளையும் சூரியன் முதுகில்! மேசைக் கணினித் திரைகளின் ஒளி பெரும்பாலும் 250 முதல் 350 நிட் வரை. வெயிலில் படிக்கத்தக்கவை என்று விற்கப்படுபவை 800, 1000 என்று போகும். ஆனால் ஒளியைக் கூட்டுவதால் மட்டும் காரியம் ஆகாது. கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் தன்மேல் விழும் ஒளியில் ஏறத்தாழ 4 விழுக்காட்டைத் திருப்பி அனுப்பும். தொடுகண்ணாடிக்கும் திரைக்கும் இடையே காற்று இடைவெளி இருந்தால் அப்படித் திருப்பும் முகங்கள் இன்னும் இரண்டு கூடிவிடும். இரண்டையும் இடைவெளியின்றி ஒட்டிய திரையோ, தொடுகண்ணாடியே இல்லாத மங்கல் முகத் திரையோ, குறைந்த ஒளியிலும் தெளிவாகத் தெரியும். நாங்கள்தான் தொடப்போவதில்லையே!

விடுமுறையில் மூவரும் ஊரில் இருந்த சமயம் வாப்பாவோடு மதுரைக்குப் போய், கடைக்காரரிடம் மூன்று திரைகளை வாசலுக்குக் கொண்டுவரச் சொன்னோம். குளிரூட்டிய கடைக்குள் எல்லாத் திரையும் அழகாகத்தான் இருக்கும். நண்பகல் வெயிலில், நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டில், சூரியன் பின்னால் இருக்கும்படி வைத்துப் பார்த்தால்தான் உண்மை விளங்கும். கடைக்காரர் முதலில் சலித்துக்கொண்டார். பிறகு அவருக்கே ஆர்வம் பிறந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார். பளபளப்பான முதல் திரையில் எண்களைக் காட்டிலும் எங்கள் முகங்களே தெளிவாகத் தெரிந்தன. இரண்டாவது நன்றாக இருந்தது. ஆனால் வாப்பா வழக்கமாக அணியும் போலரைஸ்டு குளிர்கண்ணாடியைப் போட்டதும், "என்ன வாப்பா, அணைச்சிட்டியா?" என்று கேட்டார்கள். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. எல்சிடி திரையிலிருந்து வரும் ஒளி ஒரே திசையில் அதிர்வது; கண்ணாடியின் வடிகட்டி அதற்குக் குறுக்கே அமைந்துவிட்டால் திரை கறுத்துவிடும். வண்டிக்குத் திரை வாங்கப் போகிறவர்கள் தம் குளிர்கண்ணாடியையும் மறவாமல் எடுத்துச் செல்வது நல்லது. மூன்றாவது, மங்கல் முகம் கொண்டது, பார்ப்பதற்கு மலிவானது போலத் தோன்றியது. வாப்பா ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தபடி அதைத்தான் தயங்காமல் படித்தார்கள்.

வெப்பத்தையும் பார்க்க வேண்டும். வெயிலில் நிறுத்திய வண்டியின் டாஷ்போர்டு 70 பாகை செல்சியஸைத் தொடக்கூடியது. விவரத் தாளில் அதற்குக் குறைவாகப் போட்டிருக்கும் திரைகளை அங்கேயே ஒதுக்கிவிட்டோம்.

இரவைப் பற்றிய பேச்சுதான் நீண்டது. புரை விழுந்த கண்ணில் ஒளி சிதறும். எதிர்வரும் வண்டியின் விளக்கு ஒரு வட்டமாக விரிந்து நிற்கும். இத்துடன் டாஷ்போர்டில் வெள்ளை வெளிச்சமும் சேர்ந்தால் இருட்டுக்குப் பழகிய கண் மறுபடி பழக நேரம் ஆகும். மக்ரிபுக்குள் வீடு சேர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆனால் மருத்துவமனை வரிசை நம் ஏற்பாட்டைக் கேட்டு நகர்வதில்லையே. ஒரு திரை அதிகபட்சம் எவ்வளவு ஒளிரும் என்று எல்லோரும் விளம்பரம் செய்கிறார்கள். குறைந்தபட்சம் எவ்வளவு மங்கும் என்று யாரும் சொல்வதில்லை. அதை நாங்களே ஒரு கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம். வண்டியின் வானொலிக்கு வரும் கம்பிகளுள் ஒன்று முகப்பு விளக்கைப் போட்டால் மின்சாரம் பெறும். தம்பி அதை அளந்து கண்டுபிடித்து, விளக்கு எரிந்தாலே திரை தானாக மங்கும்படி இணைத்தான். கறுப்புப் பின்னணி, செம்மஞ்சள் எண்கள்.

பின்புறக் கேமராவைக் கணினி வழியே காட்டலாமா என்றால், கூடாது. சாவியைத் திருப்பியபின் கணினி விழித்தெழ அரை நிமிடம்கூட ஆகலாம். வாசலில் குழந்தைகள் நிற்கும்போது அந்த அரை நிமிடம் யாரும் காத்திருக்கப் போவதில்லை. இருளான திரையை நம்பி வண்டி நகர்ந்துவிடும். எனவே இரண்டு உள்ளீடுகள் கொண்ட திரையாகத் தேர்ந்தோம். ரிவர்ஸ் கியர் விழுந்ததும், பின்விளக்கின் கம்பியிலிருந்து சைகை பெற்று, கணினியைக் கேளாமலே கேமராவுக்கு மாறிவிடும். இதற்காகக் கணினியில் எதையும் எழுத வேண்டியதில்லை. எங்கள் தேர்வில் மிகவும் மனம் நிறைந்த அம்சம் இதுவே.

பழைய வானொலியைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் திரையை வைப்பதே பலரும் செய்வது. வாப்பா சம்மதிக்கவில்லை. சுப்ஹுக்குப் பின் புறப்படும்போது கிராஅத் கேட்டுக்கொண்டு போவது அவர்கள் வழக்கம். ஒலியைக் கூட்டவும் குறைக்கவும் அந்தக் குமிழ் அவர்கள் விரலுக்கு மனப்பாடம். ஆகவே வானொலி இருந்த இடத்திலேயே இருக்கிறது. திரை நடுத் துவாரங்களுக்கு மேலே, முன்கண்ணாடியின் கீழ்விளிம்புக்கும் தாழ, காற்றுப்பை திறக்கும் மூடியிலிருந்து நன்கு விலகி அமர்ந்திருக்கிறது.

தொழுகை நேரத்தையும், பயண துஆவையும் திரையில் ஓடவிடலாமே என்று தம்பி ஆசைப்பட்டான். வாப்பா சிரித்தார்கள்: "துஆ எனக்கு மனப்பாடம்பா. ஓடுற வண்டியில படிக்கச் சொல்றது எதுவா இருந்தாலும் வேணாம்." தொழுகை நேரத்துக்கு இப்போது ஒரு மெல்லிய ஒலி மட்டும் எழும். வண்டி நின்றால் கிப்லாத் திசை தெரியும். சக்கரம் உருண்டதும் மறைந்துவிடும்.

மற்றபடி திரை பெரும்பாலும் கறுப்பாகவே கிடக்கிறது. எஞ்சின் சூடு 100 பாகையைத் தாண்டினாலோ பேட்டரி வோல்ட் இறங்கினாலோ மட்டும் எண் தோன்றி ஒரு மணி ஒலிக்கும். விருந்துக்கு வந்த உறவினர் ஒருவர், இவ்வளவு பாடுபட்டு வாங்கியது வேலை செய்யவில்லையா என்று கேட்டார். வேலை செய்கிறது, அல்ஹம்துலில்லாஹ்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் வாப்பாவுக்கு ஒரு கண்ணில் புரை நீக்கும் அறுவை. புதிய வில்லை வைத்தபின் நிறங்களும் வெளிச்சமும் முன்னைவிடக் கூடுதலாகத் தெரியும் என்கிறார்கள். இரவுக்கு நாங்கள் குறித்து வைத்த ஒளியை அப்போது மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். அதற்காகத் திரையின் பின்னால் ஒரு சிறு திருகை விட்டுவைத்து, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று உம்மாவுக்குக் காட்டிக் கொடுத்துவிட்டுத்தான் தம்பி விமானம் ஏறினான்.