பீலி விரிக்கும் பாறை

முக்காலியில் ஜீப் ஏறினால் 23 கி.மீ. குலுங்கலுக்குப் பிறகு சைரந்திரி. தலைமறைவுக் காலத்தில் பாஞ்சாலி சூடிக்கொண்ட பெயர் அது. கீழே ஓடும் ஆற்றுக்குப் பாண்டவரின் தாய் குந்தியின் பெயர். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் உள்ள சைலன்ட் வேலி தேசியப் பூங்காவுக்கு வருகிறவர்களில் பலர் சிங்கவால் குரங்கைத் தேடுகிறார்கள். நான் போனது ஒரு பூச்சியைப் பார்க்க. சரியாகச் சொன்னால், ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மலையாளச் சிறுகதையைத் தமிழாக்கினேன். கடையில் ஒரு சிறுவனை மூட்டை தூக்கவைக்கும் முதலாளியைப் பார்த்து, "தும்பியைக் கொண்டு கல்லெடுப்பிக்காதே" என்கிறார் ஒருவர். குறுந்தொகையின் இரண்டாம் பாட்டில் இறையனார் கூப்பிடும் தும்பி, தேன் தேடும் வண்டு. தமிழ் எம்.ஏ. படித்தவனுக்கு அதுதானே நினைவுக்கு வரும்? 'வண்டைக் கல் சுமக்க வைக்காதே' என்று எழுதிவிட்டேன்.

புத்தகம் வெளியானதும் பாலக்காட்டிலிருந்து ஒரு வாசகரின் கடிதம் வந்தது. மலையாளத்தில் தும்பி என்றால் தட்டான். இறக்கையைப் பிடித்துக்கொண்டு கூழாங்கல் மேல் வைத்தால் பாவம், அது கால்களால் கல்லைத் தூக்கும். நீங்கள் சின்ன வயதில் இதைச் செய்ததே இல்லையா? செய்திருக்கிறேன். எங்கள் ஊர்க் குளத்தங்கரையில் எத்தனையோ முறை. கையால் செய்தது எழுதும்போது நினைவுக்கு வரவில்லை. கடிதத்தின் கடைசி வரி: 'ஒருமுறை குந்திப்புழைக்குப் போய்ப் பீலித்தும்பியைப் பாருங்கள். அப்புறம் வண்டு என்று எழுத மாட்டீர்கள்.'

டிசம்பர் மாதக் காலை. மழை ஓய்ந்து நீர் கண்ணாடியாக ஓடிக்கொண்டிருந்தது. உடன் வந்த வனக் காவலர் அட்டப்பாடியின் முடுகர் இனத்தவர். தமிழும் மலையாளமும் கலந்து பேசினார்.

"அதோ சார், நடுக்கல்லு மேலே."

எனக்குத் தெரிந்தது ஒரு கருத்த குச்சி. பத்து நிமிடம் பார்த்தும் அது குச்சியாகவே இருந்தது. பிறகு, யாரோ தீக்குச்சி கிழித்ததுபோல், மயில் கழுத்தின் பச்சையும் நீலமும் ஒரு நொடி பளிச்சிட்டு அணைந்தது. மறுபடியும் குச்சி.

பீலித்தும்பியை அடையாளம் காண்பதில் உள்ள சிரமமும் சுகமும் இதுதான். முதலில் இது தட்டான்களுக்குள் ஊசித்தட்டான் வகை. தட்டானின் கண்கள் பெரும்பாலும் தலையில் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். ஊசித்தட்டானுக்கு இரண்டும் விலகி, தலையின் இரு ஓரங்களில் இருக்கும். தட்டான் உட்காரும்போது இறக்கைகளை விரித்து வைக்கும். ஊசித்தட்டான்களில் பல முதுகின் மேல் மடித்துக்கொள்ளும். பீலித்தும்பியின் ஆணுக்கு முன்னிறக்கைகள் கண்ணாடி போன்றவை. வண்ணமெல்லாம் பின்னிறக்கைகளின் மேற்புறத்தில். அவற்றின் நுனி மட்டும் கருமை. அடிப்புறம் மங்கிய பழுப்பு. எனவே மடித்தால் குச்சி, விரித்தால் மயில். அந்த வண்ணமும் சாயமல்ல. இறக்கையின் மெல்லிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் தோன்றுவது. பார்க்கும் கோணம் மாறினால் பச்சை நீலமாகிறது.

பக்கத்துப் புதர் நிழலில் பச்சை உடம்போடு வேறு சில ஊசித்தட்டான்கள் இருந்தன. "அதுவா?" என்று கேட்டேன். காவலர் தலையசைத்து மறுத்தார். அவை தணல்தும்பிகள், நான்கு இறக்கைகளும் நிறமற்றவை, ஒரு வகைக்கு மட்டும் நுனியில் கருமை. மலையாளத்தில் தணல் என்றால் நிழல். தமிழன் நெருப்பைத் தேடுவான். மொழிபெயர்ப்பாளனுக்கு இன்னொரு பள்ளம்!

சற்று நேரத்தில் பெண் வந்தது. அதற்கு மயில் நிறம் இல்லை. தேன் நிறச் சாயலுள்ள இறக்கைகள், பின்னிறக்கையின் நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளி. ஆண் பாறையை விட்டு எழுந்தது. பின்னிறக்கைகளை அசைக்காமல் விரித்துக் காட்டியபடி, முன்னிறக்கைகளால் மட்டும் நீர்மேல் பறந்தது. வேறொரு ஆண் அந்தப் பக்கம் வந்தபோது துரத்தல் நடந்தது. பெண் ஓடும் நீரில் மூழ்கிக் கிடக்கும் வேர்களிலும் செடிகளிலும் முட்டையிடும். சில சமயம் தானும் முழுதாக நீருக்குள் இறங்கிவிடும். குஞ்சுகள் வேர்களைப் பற்றிக்கொண்டு, வால் நுனியிலுள்ள மூன்று செவுள்களோடு நீரோட்டத்தில் வளர்கின்றன. நீர் ஓட வேண்டும் என்பதே இதன் வாழ்க்கையின் ஒரே நிபந்தனை.

இந்தப் பூச்சிக்கு 1758இல் அறிவியல் பெயர் வைத்தவர் லின்னேயஸ். அந்தப் பெயரின் பின்பாதி சீனத்தைக் குறிக்கிறது. பிரிட்டிஷ் இந்தியாவின் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதியவர் எஃப்.சி. ஃப்ரேசர் என்ற ராணுவ மருத்துவர். மலையாளிகள் வைத்த பெயரில் உள்ள பீலி, தமிழிலும் மயிற்பீலிதான். நமக்கு அகராதியே தேவையில்லை.

சைரந்திரியில்தான் அந்த நீர்மின் அணை வருவதாக இருந்தது. சுமார் 830 ஹெக்டேர் காடு மூழ்கியிருக்கும். 1970களின் பிற்பகுதியில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் கவிஞர் சுகதகுமாரியும் இன்னும் பலரும் எதிர்த்து எழுதினார்கள், பேசினார்கள். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984இல் தேசியப் பூங்கா அறிவிப்பு. 1985இல் ராஜீவ் காந்தி திறந்துவைத்தார். அந்த விவாதத்தின் முகமாக இருந்தது சிங்கவால் குரங்கு. பூச்சிக்காக யாரும் கொடி பிடிக்கவில்லை. பிடிக்கவும் தேவையில்லை, பீலித்தும்பி அருகி வரும் இனமல்ல, இந்தியாவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை ஓடைகளில் இருக்கிறது. ஆனால் ஒரு ஓடை தேங்கினாலோ சேறு மண்டினாலோ, அந்த ஓடையிலிருந்து சத்தமில்லாமல் போய்விடும். பெயர் தெரியாத ஊரில் அது போனதும் தெரியாது.

"அணை வந்திருந்தால்?" என்று காவலரிடம் கேட்டேன்.

"இங்கே தண்ணி இருந்திருக்கும் சார். ஓடியிருக்காது."

ஊர் திரும்பியதும் பதிப்பாளருக்குத் தொலைபேசினேன். இரண்டாம் பதிப்பு வந்தால் திருத்திவிடலாம் என்றார். வந்தபாடில்லை. என்னிடம் இருக்கும் பிரதியில் வண்டை அடித்துவிட்டுத் தட்டான் என்று எழுதிவைத்திருக்கிறேன். அடுத்த விடுமுறைக்கு எங்கள் ஊர்ப் பக்க மலையோடைகளில் ஏறிப் பார்க்க வேண்டும். நடுக்கல்லின் மேல் கருத்த குச்சி ஏதாவது இருந்தால் இந்தமுறை காத்திருக்கத் தெரியும்.