கடலுக்கு முதுகு காட்டாமல்

கோடை விடுமுறைக்குக் கடற்கரை என்று முடிவானபோது பூம்புகாரை மட்டும் பயணத் திட்டத்தில் சேர்க்காமல் விட்டோம். காரணத்தை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஈராண்டுகளுக்கு முன், காவிரி கடலோடு கலக்கும் அந்தத் துறையில்தான் அம்மாவின் அஸ்தியைக் கரைத்தோம். கரையேறும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் சடங்கு செய்வித்தவர். நாங்களும் பார்க்கவில்லை. ஆகவே இம்முறை அதற்குத் தெற்கே, தரங்கம்பாடி. இரண்டு இரவுகள். மகளுக்காக ஒரு பந்து. படிப்பதற்கென்று எடுத்துப்போய்ப் படிக்காமலே திரும்பக் கொண்டுவரும் நான்கைந்து புத்தகங்கள்.

தரங்கம்பாடிக்குள் நுழைவதே ஒரு வாயிலைக் கடந்துதான். அதைத் தாண்டியதும் நீண்ட ஒற்றைத் தெரு, 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயம், தெருவின் முடிவில் கடல். 1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரோடு உடன்படிக்கை செய்துகொண்டு டேனியர் எழுப்பிய டான்ஸ்போர்க் கோட்டை அங்கே வெயிலில் மஞ்சள் பூத்து நிற்கிறது. 1706-இல் சீகன்பால்கு வந்திறங்கியது இந்தக் கரையில்தான். புதிய ஏற்பாடு 1715-இல் தமிழில் அச்சாகி முடிந்ததும் இவ்வூரில்தான். 1845-இல் டேனியர் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். விலைக்குக் கைமாறிய ஊரில் இன்று விடுமுறையாளர்கள் நாள் கணக்கில் வாடகை கொடுத்துத் தங்குகிறோம்.

கோட்டைக்கு அருகே அலைவாயில் இருக்கிறது மாசிலாமணிநாதர் கோயில். பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்தது. அதன் முன்பகுதியைக் கடல் கொண்டுபோயிற்று. பின்னர் திருப்பணி நடந்திருக்கிறது. அக்கோயில் கல்வெட்டில் ஊரின் பெயர் சடங்கன்பாடி. தரங்கம் என்றால் அலை, எனவே இது அலை பாடும் ஊர் என்று வருகிறவர்களுக்குச் சொல்லி மகிழ்விக்கிறார்கள். பாடி என்பதற்குக் குடியிருப்பு என்று பொருள். அலை பாடுவதாகக் கேட்பது இரண்டு நாள் தங்க வந்தவர்களின் காதுக்கு மட்டும்தானோ என்று தோன்றியது.

தமிழில் கடற்கரைக்கு உல்லாசமாகப் போனவர்கள் கதை என்றதும் எங்களுக்கு நினைவுக்கு வருவது சிலப்பதிகாரத்தின் கானல்வரி. இந்திரவிழாவை ஒட்டி மாதவி வையத்திலும் கோவலன் அத்திரியிலும் ஏறிப் புகார்க் கடற்கரைக்குப் போகிறார்கள். புன்னை நிழலில் திரை கட்டி, விதானம் விரித்து அமர்கிறார்கள். யாழ் கைமாறுகிறது. அவன் பாடுகிறான், அவளும் பாடுகிறாள். பாட்டு முடிவதற்குள் உறவு முறிந்துவிடுகிறது. மாதவி தனியாக வீடு திரும்புகிறாள். அந்தப் புகாரையே பிறகு கடல் கொண்டது என்கிறது மணிமேகலை. நெய்தலின் உரிப்பொருள் இரங்கல் என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்தி வருகிறோம். அழுகை, புலம்பல் என்று எழுதும் மாணவருக்கு முழு மதிப்பெண்ணும் போட்டுவிடுகிறோம்.

இரண்டாம் நாள் மாலை. கோட்டை ஒரு பக்கம், கடல் பின்னணி என்று மகளை நிறுத்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டிருந்தோம். வெற்றுக் கூடையோடு அவ்வழியே வந்த மூதாட்டி நின்றார்.

"கடலுக்கு முதுகு காட்டாதீங்க தம்பி. பாப்பாவ இந்தப் பக்கம் திரும்பி நிக்கச் சொல்லுங்க."

"ஏன் பாட்டி?" என்றாள் மகள்.

"அதப் பாத்துக்கிட்டே நிக்கணும் தாயி. அன்னிக்கு ஞாயித்துக்கிழம. கூடைய எடுக்கத்தான் இந்தப் பக்கம் திரும்புனேன்..."

அதற்குமேல் அவர் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்று இவ்வூரையும் உள்ளடக்கியிருந்த நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர் வீடு இப்போது கரையைவிட்டு உள்ளே தள்ளி இருக்கிறதாம். மீன் ஏலத்துக்கு மட்டும் தினமும் வருகிறாராம்.

"தினமும் வர்றீங்களே, இதன்மேல் கோபம் வராதா?" என்று கேட்டுவிட்டோம். கேட்ட பிறகுதான் கேட்டிருக்க வேண்டாம் என்று பட்டது.

"சோறு போடுறதும் அதுதானே. கோவிச்சுக்கிட்டு எங்க போறது?" என்றார். கூடையை இடுப்பில் மாற்றிக்கொண்டு, கடலை ஒரு முறை பார்த்துவிட்டு நடந்தார்.

அன்றிரவு விடுதி மாடத்தில் நெடுநேரம் அமர்ந்திருந்தோம். ஒருவர் திரும்பிப் பார்க்காதே என்றார். இன்னொருவர் முதுகு காட்டாதே என்கிறார். முன்னவர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஈராண்டுகளாக அம்மாவைப் பற்றிப் பேசுவதையே தவிர்த்து வந்திருக்கிறோம். அவர் படத்துக்கு மாலை உண்டு, பேச்சில் இடமில்லை. அவரோ மாலை நான்கு மணிக் காப்பியிலிருந்து ஊர்வம்பு வரை எல்லாவற்றுக்கும் பேச்சுத் துணை தேடியவர். இரங்கல் என்பது அழுதுவிட்டு எழுந்து போவதல்ல, எடுத்துக்கொண்டதன் எதிரிலேயே நின்று பிழைப்பதும்தான் என்பதை ஒரு மீன்காரப் பாட்டி எங்களுக்குப் பாடம் நடத்திவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் ஊர் திரும்பும் வழியை மாற்றினோம். வடக்கே சுமார் 20 கிலோமீட்டரில் பூம்புகார். 1973-இல் திறக்கப்பட்ட சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. கரையெங்கும் கடலரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள். சங்கமத் துறையில் கோடைக் காவிரி நீரின்றி மணல் திட்டாகக் கிடந்தது. அம்மாவைக் கரைத்த இடம் எது என்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை.

"பாட்டியை விட்டது இங்கதானா?" என்றாள் மகள்.

"இங்கேதான்."

"அப்படீன்னா ரெண்டு நாளா நாம விளையாடினதும் இதே தண்ணியிலதானே?"

ஆமாம் என்றோம். பிறகு அவளுக்குத் தெரியாத அம்மாவின் கதைகளை ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினோம். பாறைகளின்மேல் வெயில் ஏறும்வரை சொன்னோம். கிளம்பும்போது கடலைப் பார்த்தபடியே பின்னால் சில அடிகள் நடந்து, மணல்மேட்டில் கால் தட்டிய பிறகே திரும்பினோம்.