உப்புக் காற்றில் ஆறு கம்பிகள்

என் கிட்டார் பெட்டிக்குள் பழைய வேட்டியிலிருந்து கிழித்த ஒரு துண்டுத் துணி எப்போதும் கிடக்கும். வாசித்து முடித்ததும் ஒவ்வொரு கம்பியாக அந்தத் துணிக்குள் பிடித்து, நட்டிலிருந்து பிரிட்ஜ் வரை இழுத்துத் துடைப்பேன். துணியில் ஆறு கோடுகள் விழும். மெல்லிய இரண்டு கம்பிகளின் கோடு சாம்பல் நிறமாக இருக்கும். மற்ற நான்கும் பச்சை கலந்த கறுப்பு. அம்மா பித்தளைக் குடத்தைப் புளி போட்டு விளக்கும்போது வழிந்தோடுமே, அதே நிறம். களிம்பு.

தூத்துக்குடியில் கிட்டார் வாசிப்பவனுக்குக் களிம்பும் துருவும் அன்றாட விஷயம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். வீட்டு ஜன்னல் கம்பியே பெயின்ட் உரிந்து செதில் செதிலாகக் கொட்டுகிற ஊர் இது. கிட்டாரின் முதல் கம்பியோ 0.012 அங்குலம், மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அது இந்தக் காற்றில் எத்தனை நாள் தாங்கும்?

“மாஸ்டர், கோட்டிங் உள்ள கம்பி வாங்கவா, சாதா கம்பி போதுமா?” என்று கேட்காத மாணவர் என்னிடம் இல்லை. கேட்பதில் நியாயமும் உண்டு. கோட்டிங் உள்ள ஒரு செட்டின் விலையில் சாதா கம்பி இரண்டு செட் வாங்கலாம். பிள்ளையின் வகுப்புக் கட்டணத்தையே எண்ணி எண்ணிக் கொடுக்கும் பெற்றோருக்கு அது சின்னத் தொகை இல்லை. அதனால் இந்தக் கேள்விக்கு ஒற்றை வார்த்தையில் நான் பதில் சொல்வதில்லை. கம்பி எப்படிச் சாகிறது என்பதை முதலில் காட்டுவேன்.

அக்கௌஸ்டிக் கிட்டாரின் ஆறு கம்பிகளில் முதல் இரண்டும் வெறும் எஃகு. மற்ற நான்கிலும் எஃகு நடுக்கம்பியைச் சுற்றி இன்னொரு கம்பி நெருக்கமாகச் சுற்றப்பட்டிருக்கும். நட்டுக்கும் பிரிட்ஜுக்கும் இடையிலுள்ள 25 அங்குலச் சொச்சத்தில், ஒரு தடித்த கம்பியில் 1000 சுற்றுக்கு மேல் வரும். இரண்டு சுற்றுக்கு நடுவில் ஒரு பள்ளம். விரலின் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, உதிர்ந்த தோல், தூசி எல்லாம் போய் உட்காருவது அந்தப் பள்ளத்தில்தான். புதுக் கம்பி மணிபோல ஒலிப்பதற்குக் காரணம், அடிப்படைச் சுரத்துக்கு மேலே அடுக்கடுக்காக எழும் மேற்சுரங்கள். பள்ளத்தில் அழுக்கு அடைய அடைய அது அதிர்வைத் தின்னும். முதலில் போவது மேற்சுரங்கள். அடிச்சுரம் மட்டும் மிஞ்சும். மரப்பலகையில் தட்டினாற்போல ஒரு மொத்தை ஒலி. தவிரவும் அழுக்கு எல்லா இடத்திலும் ஒரே அளவில் சேராது. விரல் அதிகம் படும் முதல் நான்கு ஃபிரெட் பக்கம்தான் கூடுதலாகச் சேரும். கம்பியின் கனம் சீர் கெட்டுவிட்டால், திறந்து மீட்டும்போது சுருதி சேர்ந்திருக்கும் கம்பி மேல் ஃபிரெட்டில் பிடிக்கும்போது விலகும். ட்யூனரை எத்தனை தடவை திருகினாலும் சரியாகாது. மாணவர்கள் தங்கள் காதின்மேல் சந்தேகப்படத் தொடங்கும் இடம் இதுதான். எனக்கு மிகவும் வருத்தம் தருவதும் இதுதான்.

சுற்றும் கம்பியின் உலோகத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். கடைகளில் அதிகம் கிடைப்பவை இரண்டு வகை. 80/20 பிரான்ஸ் என்பதில் 80 பங்கு செம்பு, 20 பங்கு துத்தநாகம். பெயர் வெண்கலம் என்றாலும், செம்பும் துத்தநாகமும் சேர்ந்தால் அது பித்தளை. எந்தப் பாத்திரக்கடைக்காரரும் சொல்லிவிடுவார். பாஸ்பர் பிரான்ஸ்தான் நிஜமான வெண்கலம்: செம்போடு சுமார் 8 பங்கு வெள்ளீயமும் துளி பாஸ்பரஸும். டடாரியோ நிறுவனம் 1974-இல் இதைக் கிட்டார் கம்பிக்குக் கொண்டுவந்தது. பித்தளை முதல் நாளில் கணீரென்று இருக்கும், சீக்கிரம் மங்கிவிடும். வெண்கலம் கொஞ்சம் அடர்ந்து ஒலிக்கும், சில நாள் கூடத் தாங்கும். இரண்டிலும் பெரும்பங்கு செம்பு. செம்போடு உப்பும் ஈரமும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது நம் வீட்டுப் பரண்மேல் கிடக்கும் பாத்திரங்களிலேயே தெரியும்.

அந்தப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசினோம். கம்பிக்கு டெஃப்ளான் பூசினார்கள். 1969-இல் அமெரிக்காவின் டெலவேர் மாநிலத்தில் பாப் கோர் என்பவர், சூடாக்கிய டெஃப்ளான் கோலை வெடுக்கென்று இழுத்துப் பார்த்தார். அது அறுந்துபோகாமல் நீண்டு, உள்ளே நுண்துளைகள் நிறைந்த பொருளாக மாறியது. கோர்-டெக்ஸ் மழைக்கோட்டு அதிலிருந்து பிறந்ததுதான். அவர் குடும்பத்தின் கோர் நிறுவனம் 1990-களில் அந்தப் படலத்தைக் கிட்டார் கம்பிமேல் போர்த்தி, எலிக்ஸிர் என்ற பெயரில் சந்தைக்குக் கொண்டுவந்தது. சுற்றி முடித்த கம்பியின்மேல் படலம் போவதால் பள்ளங்களின் வாய் மூடிவிடுகிறது. அழுக்கு உள்ளே இறங்க வழியில்லை. வேறு சில நிறுவனங்கள் சுற்றும் கம்பிக்கு முதலில் பூச்சு கொடுத்துவிட்டுப் பிறகு சுற்றின. அதில் பள்ளம் திறந்தே இருக்கும், ஒலியும் சாதா கம்பிக்கு நெருக்கமாக இருக்கும். எலிக்ஸிரிலேயே பாலிவெப் தடித்த பூச்சு, நானோவெப் மெல்லியது. சுற்றில்லாத முதல் இரண்டு கம்பிகளுக்கு இந்தப் படலம் கிடையாது. துரு தடுக்கும் முலாம் மட்டுமே.

ஒன்பதாம் வகுப்பு படிக்கும் ஒரு பையன் வகுப்புக்கு வருகிறான். ஒருநாள் முகம் வாடிப்போய் வந்தான். “புதுக் கம்பி போட்டுப் பத்து நாள்தான் ஆகுது மாஸ்டர், அதுக்குள்ள கறுத்துப்போச்சு. அப்பா திட்டுதாங்க” என்றான். “கையைக் காட்டு தம்பி” என்றேன். உள்ளங்கை ஈரமாகப் பளபளத்தது. ஃபேனுக்கு நேராக உட்கார்ந்தும் விரல் நுனியில் முத்து முத்தாக வியர்வை. அவன் கிட்டாரின் ஐந்தாம் கம்பியில் இரண்டாம் ஃபிரெட் பக்கத்தைப் பார்த்தேன். வெண்கல நிறமே இல்லை, அடுப்புக்கரி பூசினாற்போல இருந்தது. பன்னிரண்டாம் ஃபிரெட்டுக்கு மேலே, அவன் விரல் இன்னும் போய்ச் சேராத இடத்தில், கம்பி புதுசாகவே மின்னியது. காற்று இரண்டு இடத்துக்கும் ஒன்றுதான். கைதான் வித்தியாசம். சிலருடைய வியர்வை கம்பிக்கு ஆகாது. அது அவர்கள் குற்றமில்லை, சுத்தக் குறைவும் இல்லை. அவனுக்குக் கோட்டிங் உள்ள கம்பி வாங்கச் சொல்லி, அவன் அப்பாவிடம் நானே பேசினேன். மூன்று மாதக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டியதும் அவரும் ஒத்துக்கொண்டார்.

அந்தக் கணக்கை நான் ஊகத்தில் போடவில்லை. வகுப்பில் ஒரே மாடலில் இரண்டு கிட்டார்கள் உண்டு. ஒரு ஐப்பசி மாதம், மழை பிடித்த வாரத்தில், இரண்டுக்கும் ஒரே தடிமனில் 12–53 செட் போட்டேன். ஒன்றுக்குச் சாதா பாஸ்பர் பிரான்ஸ், மற்றதற்குக் கோட்டிங் உள்ள பாஸ்பர் பிரான்ஸ். எது எதில் என்று பிள்ளைகளிடம் சொல்லவில்லை. முதல் நாள் எல்லோருமே சாதா கம்பி உள்ள கிட்டாரைத்தான் எடுத்தார்கள். ஒலி அப்படி: ஜி கார்டு ஒன்றைத் தட்டினால் அறை முழுக்கச் சலசலவென்று பரவியது. ஆறாம் நாள் இரண்டுக்கும் வித்தியாசம் சொல்ல முடியவில்லை. இரண்டாம் வாரத்தில் சாதா கம்பியைத் தொட்டால் விரலில் இரும்பு வாடை ஒட்டியது, பிள்ளைகள் தாமாகவே மற்ற கிட்டாருக்கு மாறினார்கள். மூன்றாம் வாரம் முடிவதற்குள் அதைக் கழற்றிவிட்டேன். கோட்டிங் உள்ள கம்பி கிறிஸ்துமஸ் தாண்டியும் ஓடியது. இரண்டு மடங்கு விலைக்கு மூன்று மடங்கு நாட்கள்.

ஆனால் அந்த முதல் மூன்று நாள் ஒலியை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. வகுப்பில் சேருகிறவர்களில் பாதிப் பேர், ‘மூடுபனி’ படத்தில் வரும் ‘என் இனிய பொன் நிலாவே’ பாட்டின் கிட்டாரைக் கற்றுக்கொள்ளவே வருகிறார்கள். 1980-இல் வந்த பாட்டு. அன்றைக்கு ஏது கோட்டிங்? அந்த மாதிரி விரல்நடையைக் கோட்டிங் இல்லாத புதுக் கம்பியில் வாசிக்கும்போது, நகம் பட்ட கணமே ஒலி பிறக்கும். கோட்டிங்கில் அதே நகம் ஒரு மெல்லிய வழுக்கலைத் தாண்டித்தான் உலோகத்தைச் சேருகிறது. தடித்த பூச்சில் இது நன்றாகவே தெரியும். மறுபக்கம், கார்டு மாற்றும்போது விரல் கம்பியில் உரசி எழும் கீச்சொலியைக் கோட்டிங் வெகுவாகக் குறைக்கிறது. மைக் முன்னால் உட்கார்ந்தவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

வீணை வாசிக்கும் ஒரு பாட்டி, தன் பேத்தியின் கிட்டார் கம்பிக்கும் தேங்காய் எண்ணெய் தொட்டுத் தடவச் சொல்லிவிட்டார். வீணையில் விரல் வழுக்கிப் போக எண்ணெய் வேண்டும். தலைமுறை தலைமுறையாக வந்த பழக்கம் அது. கிட்டாரில் அதே எண்ணெய் பள்ளத்துக்குள் இறங்கித் தூசியைப் பிடித்துவைக்கும். பேத்தியின் கம்பி ஒரே வாரத்தில் ஊமையானது. கழற்றிய கம்பியைக் கொதிநீரில் போட்டு எடுத்துத் திரும்ப மாட்டுகிறவர்களும் உண்டு. அழுக்கு போய் ஓரிரு நாள் நன்றாக ஒலிக்கும், அவ்வளவுதான். அரித்த உலோகத்தை வெந்நீர் திருப்பித் தராது.

இனி என்னை உண்மையிலேயே கற்க வைத்த சம்பவம். சில வருஷங்களுக்கு முன் ஒரு பக்திப் பாடல் தொகுப்புக்காகச் சென்னைக்கு வாசிக்கப் போனேன். கிட்டாரில் இருந்தது கோட்டிங் உள்ள கம்பி, போட்டு நான்கு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு கறுப்புப் புள்ளி இல்லை, துரு இல்லை, தங்கம்போல மின்னியது. நம்பிப் போய்விட்டேன். முதல் டேக் முடிந்ததும் ஒலிப்பதிவாளர் ஹெட்ஃபோனைக் கழற்றி வைத்துவிட்டு, “அண்ணே, கம்பி எப்ப மாத்துனது?” என்று கேட்டார். ஸ்பீக்கரில் போட்டுக் காட்டினார். எண்ணெய்த் தாளில் சுற்றிவைத்தாற்போல மங்கிக் கிடந்தது என் வாசிப்பு. தினமும் அதையே கேட்டுக்கொண்டிருந்த என் காதுக்கு அந்த மங்கல் பழகிப்போயிருந்தது.

அன்று கழற்றிய கம்பியை ஊருக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். நீங்களும் பார்க்கலாம்: நான்காம் கம்பியின் அடியில் நகத்தை வைத்து மெல்ல நகர்த்துங்கள். ஃபிரெட் இருந்த ஒவ்வொரு இடத்திலும் நகம் சிக்கும். மாதக்கணக்கில் ஃபிரெட்டில் அழுந்தி அழுந்திச் சுற்று தட்டையாகிவிட்ட தடங்கள் அவை. பிக் படும் இடத்தில் பூச்சு கிழிந்து வெண்ணிற இழைகளாகத் தொங்கியது. கோட்டிங் அழுக்கைத் தடுக்கும், களிம்பைத் தடுக்கும். ஃபிரெட்டில் தேய்வதையும், எழுபது கிலோவுக்கு மேற்பட்ட மொத்த இழுவிசையில் இரவும் பகலும் இழுபட்டு எஃகு தளர்வதையும் அது தடுக்காது. சாதா கம்பி தன் முதுமையைக் கறுத்து, வாடையடித்து, விரலில் சொரசொரத்துச் சொல்லிவிடும். கோட்டிங் உள்ள கம்பி வெளியே இளமையாகவே இருந்துகொண்டு உள்ளே கிழடாகிவிடும். விலை கொடுத்து வாங்கிய கம்பி என்பதால் நமக்கும் கழற்ற மனம் வராது.

இப்போது என்னிடம் யாராவது கேட்டால் சொல்வது இதுதான். கடலோர ஊரில் இருக்கிறீர்கள், கை வியர்க்கும், வாரத்தில் நாலைந்து மணி நேரம் பழகுகிறீர்கள் என்றால், மெல்லிய கோட்டிங் உள்ள கம்பி வாங்குங்கள். கற்கிற வயதில் காது நல்ல ஒலியைக் கேட்டு வளரவேண்டும். மங்கிய கம்பியில் ஆறு மாதம் பழகியவரின் கை தேவைக்கு மேல் பலமாக அடிக்கப் பழகிவிடுகிறது. தினமும் பல மணி நேரம் வாசிப்பவர், மேடைக்கு மேடை கம்பி மாற்றுபவர் என்றால் சாதா கம்பியே போதும். பூச்சுக்குக் கொடுக்கும் பணம் வீண். ஒலிப்பதிவுக்கு நான் போடுவது சாதா கம்பி, முந்தின நாள் மாலை போட்டு இழுத்துப் பதப்படுத்தியது. பெரிய பெயருள்ள செட் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று இணையத்தில் வாங்காதீர்கள். அப்படி ஒரு செட்டை ஒரு விற்பனையாளரிடம் வாங்கி ஏமாந்தேன். பூச்சு உண்டு என்று அட்டையில் அச்சிட்ட கம்பி எட்டே நாளில் துருப்பிடித்தது.

எனக்கென்று ஒரு வழக்கமும் உண்டு. எங்கள் ஊர்ப் பனிமய மாதா திருவிழாவுக்கு ஜூலை 26 கொடியேற்றம், ஆகஸ்ட் 5 பெருவிழா. ஜூலை 25 மாலை பாடகற்குழுவுக்கான கிட்டாரில் கோட்டிங் இல்லாத பாஸ்பர் பிரான்ஸ் போடுவேன். பதினோரு நாள், காலையும் மாலையும். எங்கள் ஊர்க் காற்றில் ஒரு சாதா கம்பியின் நல்ல காலம் ஏறக்குறைய அவ்வளவுதான். பெருவிழா இரவு வீட்டுக்கு வந்ததும் கழற்றிவிட்டுக் கோட்டிங் உள்ளதைப் போடுவேன். அது தீபாவளி வரை.

இரண்டில் எதைப் போட்டாலும் ஒன்று செய்யுங்கள். கம்பி வந்த உறையைத் தூக்கியெறியாமல், அதன் பின்பக்கம் மாற்றிய தேதியைப் பேனாவால் எழுதிப் பெட்டிக்குள் வையுங்கள். கோட்டிங் இல்லாவிட்டால் மூன்று வாரம் கழித்து, கோட்டிங் இருந்தால் மூன்று மாதம் கழித்து, அந்தத் தேதியைப் பார்த்துவிட்டு நகத்தைக் கம்பியின் அடியில் ஓட்டிப் பாருங்கள். நகம் சிக்கினால், எவ்வளவு மின்னினாலும் கழற்றிவிடுங்கள்.